பதினாலு அம்சக் கோரிக்கையும் ஒரு சால்வையும்

2022 பிப்ரவரி 22, செவ்வாய்க்கிழமை. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிவுகள் வந்துகொண்டிருந்தன. மதியம் மூன்று மணிக்கெல்லாம் எங்கள் தெருமுனையில் சரவெடி. சாயங்காலம் எங்கள் வார்டின் புதுக் கவுன்சிலர் திறந்த ஜீப்பில் நன்றி சொல்ல வந்தார். கழுத்தில் நாலைந்து மாலை, அதில் ஒன்று ஏலக்காய் மாலை. கும்பிட்ட கை கும்பிட்டபடியே இருந்தது. முகத்தில் சிரிப்பைவிடத் தூக்கக் கலக்கம்தான் அதிகம். ஜீப் எங்கள் வீட்டைத் தாண்டும்போது எதிர்வீட்டுக்காரர் ஓடிப்போய், "மேடம், சாக்கடையைப் பாருங்க, கொசு பிடுங்குது!" என்று கத்தினார். மேளச் சத்தத்தில் அந்தம்மாவுக்கு என்ன கேட்டதோ, இவரைப் பார்த்து இன்னொரு கும்பிடு போட்டார். ஜீப் போய்விட்டது. எதிர்வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரும்பி வந்து என்னிடம், "சொல்லிட்டேன்" என்றார்.

நம்மில் முக்கால்வாசிப் பேர் மக்கள் பிரதிநிதியிடம் பேசுவது இந்த லட்சணத்தில்தான். சொல்லிவிட்டோம் என்ற திருப்தி நமக்கு வந்துவிடும். அவர் காதில் என்ன விழுந்தது என்பதைப் பற்றி நமக்குக் கவலை கிடையாது.

போன வாரம் ஒரு நண்பர் கேட்டார். பெங்களூரில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு சொந்த ஊருக்கே குடிவந்திருக்கிறார். "கவுன்சிலரை எப்படிய்யா பார்க்கிறது? யாரைப் பிடிக்கணும்?" என்றார். யாரையும் பிடிக்க வேண்டாம், காலையில் ஏழு மணிக்குப் போனால் வாசலிலேயே இருப்பார். பார்த்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் சூட்சுமம். அவருக்குப் போனில் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதி வைக்கிறேன். இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதில்லை. தப்புத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டது.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 2022க்கு முன்னால் நகர்ப்புறத்தில் கடைசியாக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2011 அக்டோபரில். அந்தக் கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2016இல் முடிந்தது. அதன் பிறகு ஐந்து வருடத்துக்கும் மேல் கவுன்சிலர் என்று ஒருவரே கிடையாது. தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் செய்தார்கள். இருபது வயதில் வாக்காளர் அடையாள அட்டை வாங்கிய பையனுக்கு இருபத்தைந்து வயதுவரை கவுன்சிலர் எதற்கு என்றே தெரியாது. எங்களுக்கோ தெரிந்தது மறந்துபோயிருந்தது. வந்தவரும் புதுசு, போனவர்களும் புதுசு.

மார்ச் 2ஆம் தேதி பதவியேற்பு, 4ஆம் தேதி மேயர் தேர்தல். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு நலச்சங்கத்திலிருந்து ஐந்து பேர் கிளம்பினோம். நூற்றியிருபது ரூபாய்க்கு ஒரு சால்வை. கையில் இரண்டு பக்க மனு. அதில் பதினாலு கோரிக்கைகள். நானேதான் தயாரித்தேன். எண் போட்டு, அடிக்கோடிட்டு, "ஆவன செய்யுமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று முடித்ததில் எனக்குப் பெருமை வேறு. சாக்கடை, தெருவிளக்கு, நாய்த் தொல்லை, கூடுதல் ரேஷன் கடை, முக்கு ரோட்டில் சிக்னல், எக்ஸ்பிரஸ் ரயில் எங்கள் ஊரில் நிற்க வேண்டும் என்பது, அரசுக் கலைக் கல்லூரி என்று எதையும் விடவில்லை.

கவுன்சிலர் வீட்டு வாசலில் ஷாமியானா. பிளாஸ்டிக் நாற்காலிகளில் எங்களுக்கு முன்பே பதின்மூன்று பேர். முறை வந்ததும் சால்வை போர்த்தினோம், போட்டோ எடுத்தோம். மனுவை வாங்கி மேலோட்டமாகப் பார்த்தார். "கண்டிப்பா பண்றோம் சார்." பக்கத்தில் நின்ற தம்பி அதை வாங்கி ஒரு மஞ்சப் பையில் போட்டான். பை ஏற்கெனவே பாதி நிரம்பியிருந்தது. மூன்று நிமிடம்தான். வெளியே வந்து டீ குடித்தோம்.

மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. (சால்வை மட்டும் நடந்தது. அடுத்த பொங்கலுக்கு எங்கள் தெருப் பையன்கள் நடத்திய வாலிபால் போட்டிக்கு வந்த கவுன்சிலர் எங்கள் சங்கச் செயலாளருக்குச் சால்வை போட்டு கௌரவித்தார். நாங்கள் போட்ட அதே சால்வை, ஓரத்தில் இழுபட்ட நூலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன் என்று அவர் இன்றும் சத்தியம் செய்கிறார்.)

எனக்குக் கண்ணைத் திறந்துவிட்டவர் எங்கள் தெருவின் கடைசி வீட்டுப் பெரியவர். வேறொரு ஊர் நகராட்சியில் பொறியியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனுவின் நகலை அவரிடம் காட்டிப் புலம்பினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்துவிட்டு, "பதினாலு கேட்டா ஒண்ணுமே கேக்கலைன்னு அர்த்தம் சார்" என்றார். பிறகு ஒரு சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுத ஆரம்பித்தார்.

ரயில் நிற்பதா? எம்.பி. ரேஷன் கடை, கல்லூரி? எம்.எல்.ஏ. சிக்னல்? போக்குவரத்துக் காவல். இப்படி அடித்துக்கொண்டே வந்ததில் கவுன்சிலர் கணக்கில் மிஞ்சியவை நாலே நாலு: மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை, நாய். அதிலும் விளக்கும் குப்பையும் போன் போட்டாலே முடிகிற வேலை. "இதுக்கெல்லாம் மனு எழுதி அவங்க மதிப்பையும் குறைக்காதீங்க, உங்க மதிப்பையும் குறைச்சுக்காதீங்க. கம்பத்துல பெயிண்ட்ல நம்பர் எழுதியிருக்கும். அந்த நம்பரைச் சொன்னா ரெண்டு நாள்ல பல்பு மாத்திட்டுப் போவாங்க. 'எங்க தெருவுல லைட்டு எரியலை'ன்னு சொன்னா எந்தத் தெரு, எந்தக் கம்பம்னு அவன் தேடணுமா?"

அந்த ஒரு சாயங்காலத்தில் நான் கற்றுக்கொண்டது, பள்ளிக்கூடத்துக் குடிமையியல் பாடம் மொத்தத்தையும்விட அதிகம்.

யாரிடம் எதைக் கேட்பது என்பது பாதிக் கிணறு. அவரால் எவ்வளவு முடியும் என்று தெரிந்திருப்பது மீதிக் கிணறு. எம்.பி.க்கு வருடத்துக்கு ஐந்து கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி உண்டு. பெரிய தொகைதான். ஆனால் தமிழ்நாட்டில் 39 மக்களவைத் தொகுதி, 234 சட்டமன்றத் தொகுதி. அதாவது ஒரு எம்.பி. தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் எண்பத்து மூன்று லட்சம்தான் வரும். அதையும் அவர் கையால் எடுத்துக் கொடுக்க முடியாது. இந்த வேலையைச் செய்யுங்கள் என்று பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். நிறைவேற்றுவது மாவட்ட நிர்வாகம். எம்.எல்.ஏ.வுக்கு மூன்று கோடி. இரண்டரை லட்சம் வாக்காளர் உள்ள தொகுதி என்று வைத்துக்கொண்டால் தலைக்கு 120 ரூபாய். ஒரு சால்வை விலை!

ஆக, எம்.பி.யிடமும் எம்.எல்.ஏ.விடமும் நாம் கேட்க வேண்டியது பணத்தை அல்ல, குரலை. எக்ஸ்பிரஸ் ரயில் நிறுத்தத்துக்கு மக்களவையில் கேள்வி கேட்கலாம். அமைச்சகம் எழுத்தில் பதில் சொல்லியே ஆக வேண்டும். எம்.எல்.ஏ. மானியக் கோரிக்கை விவாதத்தில் நம் ஊர்ப் பெயரைச் சொன்னால் அது அவைக்குறிப்பில் ஏறும், துறை அதிகாரி மேசையில் ஒரு காகிதம் போய் விழும். அப்படிப் பேச அவருக்கு வேண்டியது நாலு வரித் தகவல். சட்டமன்றம் கூடும் தேதி பேப்பரில் வந்த உடனே அந்த நாலு வரியைக் கொண்டுபோய்க் கொடுப்பவன் கெட்டிக்காரன். கூட்டத்தொடர் முடிந்த மறுநாள் போய் நிற்பவன் என்னைப் போன்றவன்.

கவுன்சிலர் கதை வேறு. அவர் கையில் செக் புத்தகமே கிடையாது. 2023 ஜூலை முதல்தான் மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம் வந்தது. அதற்கு முன்னால் கூட்டத்துக்குப் போனால் கிடைக்கும் அமர்வுப்படிதான். இந்தப் பத்தாயிரத்தில்தான் வார்டில் நடக்கும் காதுகுத்து, கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் மொய், மாலை, பெட்ரோல். மீதியை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்ற கேள்வி நியாயமானது. அதற்குள் இன்று நான் போகவில்லை.

பதவியேற்று ஒரு மாதம்கூட முடிவதற்குள் சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது நினைவிருக்கிறதா? வீட்டின் பரப்பைப் பொறுத்து 25 சதவீதம் முதல் 150 சதவீதம் வரை. முடிவெடுத்தது மாநில அரசு. திட்டு வாங்கியது யார்? எங்கள் கவுன்சிலர். டீக்கடையில், கோயிலில், மாவு மில்லில், எங்கே போனாலும். "எனக்கே டிவி பாத்துத்தான் சார் தெரியும்" என்று பின்னாளில் ஒருநாள் சொன்னார். அன்றைக்கு அவரைத் திட்டியவர்களில் நானும் ஒருவன். ஆட்சேபணையை எழுதிக் கொடுக்கவும், மாமன்றத்தில் பேசச் சொல்லவும் வழி இருந்தது. அதை விட்டுவிட்டு மாவு மில்லில் கத்தினோம்.

சரி, கவுன்சிலரால் என்னதான் முடியும்? இரண்டு காரியம் முடியும். உதவிப் பொறியாளரை, நம் வழக்கில் ஏ.இ.யை, விடாமல் நச்சரிக்கலாம். மாமன்றக் கூட்டத்தில் எழுந்து பேசலாம். இரண்டுக்கும் அவர் கையில் ஒரு காகிதம் இருக்க வேண்டும். அந்தக் காகிதம் தூக்கிக்கொண்டு போகத் தோதாக இருக்க வேண்டும். மூட்டையை நாம் ஒழுங்காகக் கட்டிக் கொடுத்தால்தானே அவர் சுமப்பார்? நான் கொடுத்தது மூட்டையே அல்ல, சந்தையில் அவிழ்ந்து சிதறிய தக்காளி.

பெரியவர் யோசனைப்படி ஒன்றை மட்டும் எடுத்தோம். எங்கள் தெருவின் மழைநீர் வடிகால் கோடி வீட்டோடு நின்றுவிடும். அடுத்த தெருவின் வடிகால் அங்கிருந்து 38 மீட்டர் தள்ளித் தொடங்கும். நடுவில் ஒன்றும் கிடையாது. மழை பெய்தால் தண்ணீர் இந்த 38 மீட்டரில் நின்று குளம் கட்டும். இதை டேப் வைத்து அளந்தது நானும் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையனும். ஒரு ஏ4 தாளில் பென்சிலால் படம் வரைந்தோம். பாதிக்கப்படும் வீடு 22. அதில் இரண்டு வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவர்கள், ஒரு அங்கன்வாடி. அக்டோபர் மழையில் முழங்கால் தண்ணீரில் அங்கன்வாடி ஆயா குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போகும் போட்டோ ஒன்று, தேதியோடு. மனு ஒரே பக்கம். பொருள்: "இன்ன தெரு கடைசி வீடு முதல் இன்ன தெரு முதல் வீடு வரை விடுபட்ட 38 மீட்டர் மழைநீர் வடிகாலை இணைத்துத் தரக் கோருதல்." அதற்குக் கீழே ஏழு வரி. 22 வீட்டுக் கையெழுத்து.

கையெழுத்து வாங்கியதில் ஒரு சங்கதி. தேர்தலில் கவுன்சிலரை எதிர்த்து வேலை பார்த்த ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவர் கையெழுத்து வேண்டாம், மேடம் கோபித்துக்கொள்வார் என்றார்கள் சிலர். பெரியவர், "அவர் கையெழுத்துதான் முதல்ல இருக்கணும்" என்றார். அப்படியே செய்தோம். மனுவை வாங்கியதும் கவுன்சிலர் கண் அந்தப் பெயரில்தான் போய் நின்றது. "இவரும் போட்டிருக்காரா?" என்றார். தெருவே ஒன்றாக வந்திருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அடுத்த தேர்தலில் அந்த 22 வீடும் அவருக்கு வெறும் கணக்கல்ல என்பதும் அவருக்குப் புரிந்திருக்கும், அதில் தப்பில்லை. ஓட்டு ஆசை இல்லாத அரசியல்வாதியிடம் எனக்குப் பயம்தான் அதிகம்.

இந்த முறை இரண்டு பிரதி கொண்டுபோனோம். ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதி போட்டுக் கையெழுத்து வாங்கினோம். ஆணையருக்கு ஒரு நகல். மாநகராட்சி அலுவலகத் தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கினோம். இதைக் கவுன்சிலரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்தோம். அவர் தலைக்கு மேல் போய்விட்டதாக அவர் நினைத்துவிட்டால் காரியம் கெடும்.

பிறகுதான் அந்த வீட்டில் இன்னொரு பாடம். எங்கள் வார்டு மகளிர் வார்டு. உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு 2016இல் சட்டமானது, நகரங்களில் அதன்படி நடந்த முதல் தேர்தல் 2022தான். போன் செய்தால் எடுப்பது அவர் கணவர். வாசலில் உட்கார்ந்திருப்பதும் அவரே. கட்சிப் பையன்கள் "அண்ணன்கிட்ட சொல்லிடுங்க, போதும்" என்பார்கள். நாங்களும் முதலில் அண்ணனிடமே சொன்னோம். அது சுலபமாகவும் இருந்தது. எங்கள் சங்கத்தில் டெய்லர் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "மாமன்றத்துல எழுந்து பேசப்போறது அண்ணனா? அவரை உள்ளேயே விடமாட்டாங்க. பேசப்போறவங்ககிட்ட சொல்லு." அவர் நேராக வாசலைத் தாண்டி, "மேடம் இருக்காங்களா? அவங்ககிட்டதான் பேசணும்" என்று உள்ளே போய்விட்டார். சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த கவுன்சிலர் படத்தை விரித்து வைத்து இருபது நிமிடம் கேள்வி கேட்டார். எந்தப் பக்கம் சரிவு, நடுவில் யாருடைய இடமாவது வருகிறதா, குடிநீர்க் குழாய் எங்கே போகிறது என்று. நடுவில் தனியார் இடம் இருக்கிறதா என்ற கேள்வி எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. அன்று முதல் அந்த வீட்டில் பெண்கள் போனால் அவரிடமே பேச முடிகிறது.

அதன் பிறகு நடந்தது முழுக்க அலுவலகக் கதை. ஏ.இ. வந்து பார்த்தார். மதிப்பீடு போட்டார்கள், ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. "எஸ்டிமேட் போட்டாச்சு, ஃபண்ட் இல்லை" என்று நாலு மாதம். இங்கேதான் பலர் கைவிட்டுவிடுவார்கள். இன்னும் சிலர் தகவல் உரிமைச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு பாய்வார்கள். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும் என்பது அருமையான சட்டம், எனக்கு அதன்மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் புதிதாக வந்த கவுன்சிலர் நமக்காக அலைந்துகொண்டிருக்கும்போது முதல் வாரத்திலேயே அதை வீசினால் ஏ.இ. கோபத்தை அவர்மேல் காட்டுவார். நாங்கள் பொறுத்திருந்து, அவரிடமே கேட்டோம்: "மேடம், கோப்பு எங்க நிக்குதுன்னு எழுதிக் கேட்டா உங்களுக்கு உதவியா இருக்குமா, இடைஞ்சலா இருக்குமா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "கேளுங்க சார், எனக்கே அது தெரியணும்" என்றார். பதில் வந்தது. கோப்பு இரண்டு மாதமாக ஒரே மேசையில் இருந்திருக்கிறது. அந்தப் பதிலின் நகலோடு அவர் மாமன்றத்தில் பேசினார். அடுத்த கூட்டத்துக்கு அடுத்த கூட்டத்தில் அது மன்றப் பொருளாக வந்தது, தீர்மானமானது, டெண்டர் போனது.

இடையில் ஏரியா சபை வந்தது. கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி, நகரத்தில் வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து வருடத்துக்கு நாலு முறை மக்களைக் கூட்டுவது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று முதல்முறையாக நடந்தது. எங்கள் பகுதியில் வந்தவர்கள் முப்பது பேர் இருப்பார்கள். அதில் பாதி மாநகராட்சி ஊழியர்களும் கட்சிக்காரர்களும். உள்ளபடியே சொன்னால் கொஞ்சம் சப்பென்றுதான் இருந்தது. ஆனாலும் ஒன்று கவனித்தேன். டெய்லர் அக்கா எழுந்து வடிகாலைப் பற்றிச் சொல்லிவிட்டு, "இதைக் குறிப்பேட்டுல எழுதுங்க, எழுதினதைப் படிச்சுக் காட்டுங்க" என்றார். எழுதினார்கள், படித்தும் காட்டினார்கள். மற்ற எட்டுப் பேர் இதைவிட ஆவேசமாகப் பேசினார்கள். அவர்கள் பேச்சு எதுவும் குறிப்பேட்டில் ஏறவில்லை.

வேலை முடிய மொத்தம் பதினோரு மாதம் ஆனது. முடிந்த அன்று செயலாளர் மறுபடி சால்வை வாங்கலாம் என்றார். வேண்டாம் என்று ஒரே குரலில் தடுத்தோம். அதற்குப் பதிலாக நாலு வரிக் கடிதம் எழுதினோம். வேலை முடிந்தது, அடுத்த மழையில் தண்ணீர் நிற்கவில்லை, நன்றி. ஏ.இ.க்கும் ஒரு நகல். கவுன்சிலர் அதைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார், தலைவர் படத்துக்குக் கீழே. புகார் சொல்லத்தான் எல்லோரும் வருவார்கள், முடிந்தது என்று சொல்ல இதுவரை யாரும் வந்ததில்லை என்றாராம் டெய்லர் அக்காவிடம்.

நண்பருக்கு நான் கடைசியாகச் சொன்னது, கல்யாண மண்டபத்தில் மட்டும் மனு கொடுத்துவிடாதீர்கள் என்று. இதுவும் அனுபவம்தான். பந்தியில் பாயசம் பரிமாறும் நேரத்தில் ஒருவர் கவுன்சிலர் இலைக்குப் பக்கத்தில் மனுவை வைத்ததைப் பார்த்திருக்கிறேன். இலையோடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

வடிகால் நன்றாக ஓடுகிறது. ஆனால் திருப்பத்தில் ஒரு மூடியைச் சரியாக உட்கார வைக்கவில்லை. ஸ்கூட்டர் ஏறும்போதெல்லாம் "டொக் டொக்" என்கிறது. ராத்திரி பதினொன்றரைக்கு ஷிப்ட் முடிந்து வரும் பையன் வண்டியை ஏற்றும்போது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் முழிப்பு வந்துவிடும். மேற்கிலிருந்து ஏழாவது மூடி, இரண்டடிக்கு மூன்றடி, வடக்கு மூலையில் ஒரு அங்குலம் தூக்கியிருக்கிறது. அளந்து, போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக் காலை ஏழு மணிக்குப் போக வேண்டும்.